முகூர்த்தத்துக்கு முந்தின நாள்

மார்கழி முழுக்க ஒழுங்காக எரிந்தது.
தை பிறந்ததும் கெட்டது.

தலையில் நுரை, கண்ணை மூடியிருக்கிறேன்,
சுவரில் அந்த நீல முணுமுணுப்பு
டப்பென்று நிற்கிறது.
ஓசூரின் விடிகாலை
அப்படியே முதுகில் இறங்குகிறது.

சிப்காட்டில் வயர் ஹார்னெஸ் சோதிக்கிறவள் நான்.
எங்கே அறுந்தது, எது தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று
ஒரு முனையில் ஊசி வைத்து
மறுமுனையில் கேட்பதற்குத்தான் சம்பளம்.
எனக்கா ஒரு கீசர் கண்ணாமூச்சி காட்டும்?

முதலில் வென்டிலேட்டர்.
குளிருக்கு அஞ்சி அட்டை செருகியிருந்தாள் பவித்ரா.
பிடுங்கி எறிந்தேன்.
காற்றில்லாத அறையில் கேஸ் எரிவது
குளிப்பதற்கல்லடி, குளிப்பாட்டப்படுவதற்கு என்றேன்.
அன்று முழுக்க அவள் பேசவில்லை.

புது பேட்டரி போட்டேன். அணைந்தது.
சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், கனம்தான்.
ட்யூப் நெடுக சோப்பு நுரை தடவினேன், ஒரு குமிழ் இல்லை.
வடிகட்டியில் உப்பு கல்லாகியிருந்தது;
வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்து மாட்டினேன்.
அணைந்தது.

மெக்கானிக் திம்மராயன் வந்தது பதினொரு மணிக்கு.
பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்த மாதிரி
என்ன அடக்கமாக எரிந்தது அது.
"மிஷின்ல ஒண்ணுமில்லம்மா." முந்நூறு ரூபாய்.

நோட்டு எடுத்தேன்.
5.40. 5.43.
நாலு நாள் ஒன்றுமில்லை.
5.38.

மளிகைக் கடைக் காலண்டரில் தாள் கிழிக்கும்போது
பொடி எழுத்தில் கண்ணில் பட்டது சுபமுகூர்த்தம்.
நோட்டோடு வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.
ஒரு பின் தள்ளிச் செருகிய கனெக்டர் மாதிரி
எல்லாமே ஒரு நாள் முந்தி.
நகர்த்தினேன்.
அத்தனையும் உட்கார்ந்தது.

அடுத்த முறை ஈரத் தலையோடு படியிறங்கினேன்.
கீழ்வீட்டு நாகவேணி
பத்துப் பதினைந்து பக்கெட்டில்
ரோஜாக் கட்டுகளைக் கழுத்தளவு நிறுத்தி
குழாயை முழுக்கத் திறந்திருந்தாள்.
பெங்களூர் வேன் ஆறரைக்கு.

ஒரே தொட்டி, ஒரே பைப்.
அவள் திறந்தால் எனக்கு நூல்.
நூலை நம்பி எரிய கீசர் முட்டாளில்லை;
தண்ணீர் மெலிந்தால் தன்னையே அணைத்துக்கொள்ளத்தான்
அதைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.
அது சரியாக வேலை செய்ததையெல்லாம்
கோளாறென்று எழுதி வைத்திருக்கிறேன்.

"ஏம்மா, நீள்ளு ராலேதா?" என்றாள்.
சொன்னேன். சிரித்துவிட்டாள்.
மார்கழியில் கல்யாணம் ஏது,
அப்போ நீ ராணி மாதிரி குளிச்சிருப்பே.

தனி பைப் போட வீட்டுக்காரர் வரமாட்டார்.
அவர் அழுத்தம் தருவது வாடகைக்கு மட்டும்.
நாங்களே பேசிக்கொண்டோம்:
குழாய் திறக்குமுன் கத்திரிக்கோலால் பைப்பில் மூன்று தட்டு.
தட்டு கேட்டால் அவசரமாக அலசிவிட்டு
துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்குவேன்.
யாருடைய கழுத்துக்கோ போகிற பூ
கீழே குடித்து முடிக்கட்டும்.
முப்பத்தொரு வயதில்
ஊரார் கல்யாணத்துக்கு நான் எழுதுகிற மொய் இது.

இன்று காலண்டர்படி தட்டு வரவேண்டும்.
5.40. 5.45.
சுடுதண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.
குளிக்க ஓடவில்லை.

கீழே
கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்து
போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்ததும் போனைப் பொத்தி,
மேடை முழுக்க பிளாஸ்டிக் பூவாம் என்றாள்.
அதுக்குத் தண்ணி வேணாமே. நீ போய்க் குளி.

மேலே, மூடாமல் வந்த ஷவர்.
அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.